இயங்கு நிறுவனமா, இயங்கா நிறுவனமா?
வரித் தகவல் அறிக்கையில் வணிகங்களும் அறக்கட்டளைகளும்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புச் சூளை என்பது பொருள். மும்பை மாநகரில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே அமைந்துள்ள இப்பகுதிக்கு மேற்கே தாராவி, தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். இவை யாவும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் பகுதிகளாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அலுவலகப் பணிக்கு வந்த குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. பின்னர் செம்பூருக்கும் பரவின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 இல் தோன்றியது. ஸ்ரீ சண்முகானந்த சபை 1952 இல் தொடங்கப்பட்டது.

இவ்வாறு தோல் பட்டறை, கூட்டு வணிகம், ஊர்ச் சங்கம், கல்விச் சங்கம், கோயில் அறக்கட்டளை, குடும்ப அறக்கட்டளை எனப் பலவகை அமைப்புகள் இச்சிறு நிலப்பரப்பில் அருகருகே இயங்குகின்றன. நோக்கத்திலும் அளவிலும் இவை வேறுபட்டவை. எனினும் வங்கியில் கணக்குத் தொடங்கச் செல்லும்போது இவை அனைத்தின் முன்பும் ஒரே கேள்வி வைக்கப்படுகிறது: ‘உங்கள் அமைப்பு ஆக்டிவா, பாஸிவா?’

படிவத்தின் ஒரு மூலையில் அமைந்த இக்கேள்விக்குப் பலர் மனம்போன போக்கில் விடையளித்து விடுகின்றனர். ‘எங்கள் சங்கம் நன்றாகத்தான் நடக்கிறது, எனவே ஆக்டிவ்’ என்று ஒருவர் குறியிடுகிறார். ‘எங்களுக்கு வியாபாரம் ஏதுமில்லை, வட்டிதான் வருகிறது, எனவே பாஸிவ்’ என்று மற்றொருவர் குறியிடுகிறார். இரு விடைகளும் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டும் போதா. இக்கேள்வி ஏன் எழுந்தது, எந்த அளவுகோலைக் கொண்டு அதற்கு விடை காண வேண்டும், தவறான விடையால் யாருக்கு என்ன நேரும் என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கேள்வி பிறந்த கதை

ஒரு நாட்டில் வசிப்பவர் தம் பணத்தை வேறொரு நாட்டு வங்கியில் வைத்துவிட்டால், அதன் மீது வரும் வருவாயைத் தம் நாட்டு வரித்துறை அறிவது கடினம். பல ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2009 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெரிய வங்கிகளுள் ஒன்றான யு.பி.எஸ்., அமெரிக்கர்கள் வரி ஏய்ப்பதற்குத் துணைபோனது தொடர்பாக 78 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2010 மார்ச்சில், அமெரிக்கா வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டத்தை இயற்றியது. ‘ஃபாட்கா’ என வழங்குவது இச்சட்டமே. அமெரிக்கர்களின் கணக்குகளைப் பற்றிப் பிற நாட்டு நிதி நிறுவனங்கள் தகவல் தரவேண்டும் என்பது இதன் சாரம்.

இந்தியாவுக்கும் இத்தகைய தேவை இருந்தது. ஜெனீவாவில் உள்ள ஒரு வங்கியில் கணக்கு வைத்திருந்த 628 இந்தியர்களைப் பற்றிய விவரங்களைப் பிரெஞ்சு அரசு 2011 இல் இந்தியாவிடம் அளித்தது. ஆனால் இவ்வாறு எப்போதோ ஒரு முறை கிடைக்கும் பட்டியலைக் கொண்டு வரி நிர்வாகம் நடத்த முடியாது. ஆண்டுதோறும், தானாகவே, ஒரே அமைப்பில் தகவல் பரிமாறப்பட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் இதற்கெனப் பொது அறிக்கை நெறியொன்றை வகுத்து, 2014 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. இந்தியா 2015 ஜூன் 3 அன்று இதற்கான பன்னாட்டு உடன்பாட்டில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 9 அன்று அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இக்கடமைகளை நிறைவேற்ற 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 285பிஏ பிரிவு திருத்தப்பட்டது. 1962 ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 114எஃப், 114ஜி, 114எச் என்ற மூன்று விதிகள் சேர்க்கப்பட்டு, 2015 ஆகஸ்ட் 7 அன்று அறிவிக்கப்பட்டன. பொது அறிக்கை நெறியின்படி முதற் பரிமாற்றங்கள் 2017 செப்டம்பரில் தொடங்கின. பின்னர், 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025 ஆம் ஆண்டில் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் எண்கள் மாறினாலும், நாடுகள் தம்முள் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து பிறந்த இந்த வகைப்பாடு மாறுவதில்லை.

திரைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

தனி மனிதரின் கணக்கைப் பொறுத்தவரை வங்கி கேட்கவேண்டியது ஒன்றுதான்: அவர் எந்த நாட்டில் வரி செலுத்தக் கடமைப்பட்டவர்? ஆனால் கணக்கு ஒரு கம்பெனியின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருந்தால் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அவ்வமைப்பு இந்தியாவில் பதிவு பெற்றதாகவே இருக்கும். ஆனால் அதன் பணத்துக்கு உண்மையில் உரியவர் வேறு நாட்டில் இருக்கக்கூடும்.

எல்லா அமைப்புகளின் பின்னாலும் சென்று ஒவ்வொருவரையும் விசாரிப்பது இயலாத காரியம். எனவே விதிகள் ஒரு பிரிவினையைச் செய்தன. பொருள் செய்து விற்பது, பணி செய்து கூலி பெறுவது போன்ற தொழிலை உண்மையாகவே நடத்தும் அமைப்பு வெறும் திரையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்குப் பட்டறை உண்டு, தொழிலாளர் உண்டு, கொள்முதலும் விற்பனையும் உண்டு. இதனை இயங்கு நிறுவனம் எனலாம். மாறாக, பணத்தை வைத்துக்கொண்டு வட்டியும் ஈவுத்தொகையும் வாடகையும் மட்டும் பெறும் அமைப்பு, ஒரு தனிமனிதரின் பணப்பெட்டிக்கு இடப்பட்ட மறுபெயராக இருக்கக்கூடும். இதனை இயங்கா நிறுவனம் எனலாம். முன்னதன் கணக்கில், அமைப்பு எந்த நாட்டில் வரிக்குரியது என்று மட்டும் பார்த்தால் போதும். பின்னதன் கணக்கில், அதனைக் கட்டுப்படுத்தும் மனிதர்கள் யார், அவர்கள் எந்த நாட்டில் வரிக்குரியவர்கள் என்பதையும் வங்கி கேட்டறிய வேண்டும்.

‘இயங்கா’ என்ற சொல்லால் இரண்டு குழப்பங்கள் நேர்கின்றன. நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய வங்கிக் கணக்குக்கும் இந்த வகைப்பாட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நாள்தோறும் வரவு செலவு நிகழும் அமைப்பும் இயங்கா நிறுவனமாக இருக்கலாம். அவ்வாறே, இயங்கா நிறுவனம் என்பது குற்றச்சாட்டும் அன்று. அதனால் வரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அமைப்பும் அதன் பின்னால் உள்ள அனைவரும் இந்தியாவில் மட்டுமே வரிக்குரியவர்களாயின், எந்த வகையாயினும் அதன் விவரம் இவ்விதிகளின்படி வெளிநாட்டுக்கு அனுப்பப்படுவதில்லை.

இரண்டு பாதிகளின் சோதனை

சாதாரண வணிகம் எந்த வகையைச் சேரும் என்பதை இரண்டு கணக்குகள் முடிவு செய்கின்றன. முந்திய நிதியாண்டின் மொத்த வருவாயில் முதலீட்டு வருவாய் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்த ஆண்டில் வைத்திருந்த சொத்துக்களில், முதலீட்டு வருவாய் தருவனவும் அதற்கென வைக்கப்பட்டனவும் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து நிறைவேறினால்தான் அது இயங்கு நிறுவனம். ஒன்று தவறினாலும், வேறு விலக்கு இல்லையேல், இயங்கா நிறுவனமே.

முதலீட்டு வருவாய் என்பதில் வட்டி, ஈவுத்தொகை, வாடகை, உரிமத்தொகை, ஆண்டுத்தொகை, பங்கு முதலான நிதிச் சொத்துக்களை விற்றுப் பெறும் நிகர ஆதாயம் ஆகியவை அடங்கும். வாடகைக்கும் உரிமத்தொகைக்கும் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அமைப்பு தன் ஊழியர்களை ஓரளவேனும் ஈடுபடுத்தி, ஒரு தொழிலாகவே நடத்திப் பெறும் வாடகையும் உரிமத்தொகையும் முதலீட்டு வருவாயாகக் கொள்ளப்படுவதில்லை.

தாராவியில் தோல் பைகள் செய்யும் ஒரு கூட்டு வணிகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓராண்டில் அதன் மொத்த வருவாய் ரூ.40 இலட்சம், அதில் வைப்புத்தொகை வட்டி ரூ.2 இலட்சம். அதாவது வருவாயில் நூற்றுக்கு 5 பங்குதான் முதலீட்டு வருவாய். அதன் சொத்து ரூ.50 இலட்சம், அதில் வங்கி வைப்பு ரூ.20 இலட்சம், அதாவது நூற்றுக்கு 40 பங்கு. இரு சோதனைகளிலும் பாதிக்குக் கீழ் இருப்பதால் இது இயங்கு நிறுவனம்.

அடுத்த ஆண்டில் பழைய இயந்திரங்களை விற்று, அப்பணத்தையும் வங்கியில் போட்டுவிடுகின்றனர் என்க. மொத்தச் சொத்து ரூ.50 இலட்சமாகவே இருக்க, வைப்பு ரூ.30 இலட்சமாக உயர்கிறது. சொத்தில் நூற்றுக்கு 60 பங்கு வைப்புத்தொகையாகிவிட்டது. பைகளின் விற்பனை சிறிதும் குறையாவிட்டாலும், இரண்டாவது சோதனையில் தவறியதால் அவ்வணிகம் இயங்கா நிறுவனமாகிவிடும். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு இதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஐந்தொகையையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டு வணிகம் தையல் வேலையை நிறுத்திவிட்டுத் தன் கொட்டகைகளை வாடகைக்கு விடுகிறது. ஊழியர் எவரும் இல்லை. மாதந்தோறும் பங்காளி ஒருவர் வாடகையைப் பெற்றுக் கணக்கில் செலுத்துகிறார். இது இயங்கா நிறுவனம். அதே கொட்டகைகளைக் காவலாளி, மேலாளர், பராமரிப்புப் பணியாளர் ஆகியோரை வைத்து, கிடங்குத் தொழிலாக நடத்தினால் விடை வேறாகலாம்.

தொழில் நின்று வாடகை பெருகும் இம்மாற்றம் மும்பைக்குப் புதிதன்று. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய நூற்பாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் நூல் நூற்பதை நிறுத்தின. அவற்றின் நிலங்களில் அங்காடிகளும் அலுவலகங்களும் எழுந்தன. 1905 இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் ஆலையின் லோயர் பரேல் நிலம் இன்று பெரும் அங்காடி வளாகமாகும். ஆனால் அக்கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தையில் முறையாக விற்று வாங்கப்படுகின்றன. அத்தகைய கம்பெனிக்கு வருவாய்ச் சோதனை தேவையில்லை. அது இயங்கு நிறுவனமாகவே கொள்ளப்படும். அரசு அமைப்புகளுக்கும் இத்தகைய விலக்கு உண்டு. பங்குச் சந்தையிலும் அரசு அமைப்பிலும் உரிமையாளரை மறைத்துவைப்பது எளிதன்று என்பதே இதன் காரணம்.

தொடங்கும் தொழிலும் இடம் மாறும் தொழிலும்

புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு முதல் ஆண்டில் விற்பனை இருக்காது. மூலதனத்தின் மீது வட்டி மட்டுமே வரும். பாதிக் கணக்கை அப்படியே பொருத்தினால் புதுத்தொழில் யாவும் இயங்கா நிறுவனங்களாகிவிடும். இதனைக் கருதி, நிதித்தொழில் அல்லாத வேறு தொழில் நடத்தும் எண்ணத்துடன் மூலதனம் இடும் புதிய அமைப்புக்கு, அது நிறுவப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் அவகாசம் தரப்பட்டுள்ளது. அக்காலம் கழிந்தபின் இச்சலுகை இல்லை.

இதனைப் போன்ற மற்றொரு விலக்கு தாராவிக்குத் தனிமுக்கியத்துவம் உடையது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நிதி நிறுவனமாக இருந்திராத ஓர் அமைப்பு தன் சொத்துக்களை விற்றுக் கலைந்துகொண்டிருந்தாலும், நிதித்தொழில் அல்லாத வேறு தொழிலைத் தொடரவோ மீண்டும் தொடங்கவோ கருதித் தன்னைச் சீரமைத்துக்கொண்டிருந்தாலும், அது இயங்கு நிறுவனமாகவே கொள்ளப்படும். மறுசீரமைப்புத் திட்டத்தின் காரணமாகவோ வேறு காரணத்தாலோ ஒரு பட்டறை தன் இடத்தை விட்டு, கைக்கு வந்த தொகையை வங்கியில் வைத்துப் புதிய இடத்துக்குக் காத்திருக்கும் காலம் ஒன்று வரலாம். அந்த ஆண்டில் அதன் வருவாய் முழுவதும் வட்டியாக இருக்கும். தொழிலை மீண்டும் தொடங்கும் எண்ணத்துக்குச் சான்றாகப் பங்காளிகளின் தீர்மானம், புதிய இடத்துக்கான விண்ணப்பம், இயந்திரம் வாங்க முன்பணம் கொடுத்த இரசீது போன்றவற்றைப் பாதுகாத்து வைப்பது அறிவுடைமை.

அறக்கட்டளைகள்: வட்டியைப் பார்ப்பதா, சாசனத்தைப் பார்ப்பதா?

மிகுந்த தவறு நேர்வது அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும்தான். ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் செலுத்தும் ஓர் அறக்கட்டளையை எண்ணிப் பார்க்கலாம். நன்கொடையாளர் அளித்த மூலநிதி வங்கியில் உள்ளது. ஆண்டுதோறும் வரும் வட்டியே அதன் வருவாய். பாதிக் கணக்கை மட்டும் அறிந்த செயலாளர், ‘வருவாய் முழுவதும் வட்டி, ஆகவே பாஸிவ்’ என்று எழுதுகிறார். இது தவறாக முடியக்கூடும்.

அறநிலையங்களுக்கு விதிகள் தனி வழி ஒன்றை வகுத்துள்ளன. சமயம், அறம், அறிவியல், கலை, பண்பாடு, விளையாட்டு, கல்வி ஆகிய நோக்கங்களுக்காக மட்டும் இந்தியாவில் நிறுவப்பட்டு நடத்தப்படும் அமைப்பு ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால், அதன் வருவாய் முழுவதும் வட்டியாக இருந்தாலும் அது இயங்கு நிறுவனமே. தொழிற்சங்கம், வணிகர் சங்கம், சமூகநல அமைப்பு ஆகியவற்றுக்கும் இவ்வழி திறந்துள்ளது. முதலாவது, நோக்கம் மேற்சொன்னவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது இந்தியாவில் வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்றிருக்க வேண்டும். மூன்றாவது, அதன் வருவாயிலோ சொத்திலோ உரிமை கொண்டாடும் பங்குதாரரோ உறுப்பினரோ இருத்தல் கூடாது. நான்காவது, அறப்பணிக்காகவும், செய்த பணிக்குத் தக்க ஊதியமாகவும், வாங்கிய பொருளுக்கு நியாய விலையாகவும் அன்றி, எந்தத் தனியாருக்கும் அதன் பணம் செல்லச் சாசனம் இடந்தரக் கூடாது. ஐந்தாவது, அமைப்பு கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து அரசுக்கோ இதைப் போன்ற மற்றோர் அறநிலையத்துக்கோ சேரவேண்டும்.

இந்த ஐந்தில் மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றுக்கு விடை வரவு செலவுக் கணக்கில் இல்லை, சாசனத்தில்தான் உள்ளது. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம் 1950 இன் கீழ்ப் பதிவு பெற்றிருப்பது மட்டும் இதற்குப் போதாது. வருமான வரி விலக்குக்கான பதிவு வேறு. அறநிலைய ஆணையரிடம் செய்துகொள்ளும் பதிவு வேறு. முன்னது இல்லாத சங்கம் இரண்டாவது நிபந்தனையிலேயே தவறிவிடும்.

தாராவியில் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் கூடி அமைத்த ஊர்ச் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் சந்தா செலுத்துகின்றனர். திருமணத்துக்கும் ஈமச் சடங்குக்கும் சங்கம் உதவுகிறது. கலைத்தால் மீதப் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று சங்க விதிகளில் இருந்தால், சங்கத்தின் தொண்டு எத்துணை உயர்ந்ததாயினும் அறநிலையத்துக்குரிய விலக்கு அதற்குப் பொருந்தாது. அப்போது சாதாரண வணிகத்தைப் போலவே இரு பாதிகளின் சோதனைக்கு அது உட்பட வேண்டும். சங்கத்துக்குத் திருமண மண்டபம் ஒன்று இருந்து, மேலாளரும் பணியாளரும் அதனை நடத்தி வந்தால், மண்டப வாடகை முதலீட்டு வருவாயில் சேராமல் போகலாம். மண்டபம் இல்லாமல் வைப்புத்தொகை மட்டும் பெருகியிருந்தால், அது இயங்கா நிறுவனமாகும் வாய்ப்பு மிகுதி.

குடும்ப அறக்கட்டளை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. மாட்டுங்காவில் ஒரு பெரியவர், 1882 ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, தம் வீடொன்றை மகள், மகன், பேரக்குழந்தைகள் ஆகியோர் நலனுக்காக ஓர் அறக்கட்டளையில் வைக்கிறார் என்க. வீட்டு வாடகையே அதன் வருவாய். பயன் பெறுவோர் குடும்பத்தினர். ஆகவே இது பொது அறநிலையம் அன்று. வாடகையை ஈட்ட ஊழியர் இல்லை. ஆகவே அது முதலீட்டு வருவாய். எனவே இது இயங்கா நிறுவனம். இதனை நிறுவியவர், அறங்காவலர்கள், பயனாளிகள் ஆகியோர் அதனைக் கட்டுப்படுத்துவோராகக் கருதப்படுவர்.

பயனாளிகளுள் ஒருவரான மகன் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார். அங்குப் பிறந்த பேரன் இப்போது மாட்டுங்காவிலேயே தாத்தாவின் வீட்டில் தங்கிப் படிக்கிறான். மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது குடும்பத்தாருக்குத் தோன்றும். பேரனைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது தோன்றாது. அமெரிக்கா தன் குடிமக்கள் எந்நாட்டில் வாழ்ந்தாலும் அவர்கள் மீது வரி உரிமை கொண்டாடுகிறது. பிறப்பால் அமெரிக்கக் குடிமகனான பேரனும் இக்கணக்கின்படி தெரிவிக்கப்பட வேண்டியவனே.

இதே குடும்பம் வீட்டை விற்று, அப்பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இட்டு, அதனை நிர்வகிக்கும் பொறுப்பை ஒரு நிதி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் நிலைமை மேலும் மாறும். அப்போது அந்த அறக்கட்டளை இவ்விரு வகைகளிலும் சேராமல், தானே ஒரு முதலீட்டு நிதி நிறுவனமாகக் கொள்ளப்படக் கூடும்; அறிக்கை அளிக்கும் கடமையும் அதனைச் சாரக்கூடும். ஆகவே அறக்கட்டளையைப் பொறுத்தவரை, ‘ஆக்டிவா, பாஸிவா’ என்பதற்கு முன்பே, ‘இதன் நிதிச் சொத்தைத் தொழில்முறையில் நிர்வகிப்பவர் எவரேனும் உண்டா’ என்று கேட்க வேண்டும்.

தவறான குறியால் நேர்வது என்ன?

2014 ஜூலை 1 முதல் 2015 ஆகஸ்ட் 31 வரை தொடங்கப்பட்ட கணக்குகளுக்கு உரியோர், தம் வரிநிலை பற்றிய சுய உறுதிமொழியை 2017 ஏப்ரல் 30 க்குள் தரவேண்டும் என்றும், தவறினால் கணக்கு முடக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. கணக்கு முடங்கினால் பட்டறைக்குத் தோல் வாங்க முடியாது. பள்ளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மாணவனின் கட்டணம் உரிய நாளில் சேராது. ஒரு தாளில் இடவேண்டிய குறி இத்தனை பேரைத் தொடுகிறது.

அறநிலையம் ஒன்று தன்னை இயங்கா நிறுவனம் என்று தவறாக அறிவித்துக்கொண்டால், அதன் அறங்காவலர்கள் ஒவ்வொருவரும் தம் தனிப்பட்ட விவரங்களைத் தரவேண்டியதாகிறது. அவர்களுள் ஒருவர் வெளிநாட்டில் வரிக்குரியவராயின், ஏழை மாணவர் நிதியின் இருப்பு அவருடைய பெயருடன் சேர்ந்து அந்நாட்டு வரித்துறைக்குச் சென்றுவிடும். தம்முடையதல்லாத பணத்துக்கு அவர் விளக்கம் தரும் நிலை ஏற்படும். ஊதியமின்றித் தொண்டு செய்ய முன்வருவோர் இதனால் விலகிவிடக் கூடும்.

மறுபுறம், குடும்ப அறக்கட்டளை தன்னை இயங்கு நிறுவனம் என்று தவறாக அறிவித்தால், தெரிவிக்கப்பட வேண்டிய மனிதர் மறைந்து போகிறார். அமெரிக்காவில் உள்ள மகன் அங்குத் தன் வரி விவரத்தில் இதனைக் காட்டாது விட்டிருந்தால், பின்னர் உண்மை வெளிப்படும்போது கடுமையான விளைவுகளை எதிர்கொள்ள நேரும். தவறான அறிக்கைக்கு வங்கியின் மீது ரூ.50,000 அபராதம் விதிக்க 1961 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. கணக்குடையவர் தந்த தவறான தகவலால் பிழை நேர்ந்திருப்பின், அத்தகைய ஒவ்வொரு கணக்குக்கும் மேலும் ரூ.5,000 விதிக்கவும், அதனைக் கணக்குடையவரிடமிருந்து வங்கி வசூலித்துக்கொள்ளவும் 2023 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வகை செய்தது.

செய்யத்தக்கவை

கணக்குடையவரின் பொறுப்பு முதலில் வருகிறது. சங்கச் செயலாளரும் வணிகப் பங்காளியும் வங்கிக்குச் செல்லுமுன் நான்கு தாள்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: சாசனம் அல்லது கூட்டு ஒப்பந்தம், முந்திய ஆண்டின் வரவு செலவுக் கணக்கு, ஐந்தொகை, வரி விலக்குப் பதிவுச் சான்று. விடை இந்த நான்கில் உள்ளது. ஒரு முறை தந்த உறுதிமொழி என்றென்றைக்கும் பொருந்தாது. சொத்தின் அமைப்பு மாறினாலும், அறங்காவலர் ஒருவர் வெளிநாடு சென்று அங்கு வரிக்குரியவரானாலும், புதிய உறுதிமொழி தரவேண்டும்.

வங்கி அலுவலரின் பொறுப்பும் சிறிதன்று. கூட்டம் மிகுந்த நேரத்தில், ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்று தாமே குறியிட்டு நீட்டுவது உதவியாகத் தோன்றும். ஆனால் அது உதவியன்று. உறுதிமொழி கணக்குடையவருடையது. அலுவலர் செய்யவேண்டியது கேள்வியின் பொருளை விளக்குவதும், தரப்பட்ட விடை கையிலுள்ள ஆவணங்களுடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் ஆகும். பொருந்தவில்லையெனில் காரணம் கேட்க வேண்டும்.

கட்டுப்படுத்துவோரை அடையாளம் காண்பதிலும் கவனம் தேவை. கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி, ஒரு கம்பெனியில் நூற்றுக்கு 25 க்கு மேல் பங்கு வைத்திருப்பவரே முன்பு உண்மை உரிமையாளராகக் கொள்ளப்பட்டார். 2023 மார்ச்சில் இவ்வளவு நூற்றுக்கு 10 ஆகக் குறைக்கப்பட்டது. எனவே பழைய ஆவணங்களை நம்பி, ‘வேறு எவரும் இல்லை’ என்று முடிவு செய்வது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக மொழி இருக்கிறது. தோல் பட்டறை உரிமையாளர் தம் தொழிலைத் தமிழில் நடத்துகிறார். வாடிக்கையாளரிடம் மராத்தியிலும் இந்தியிலும் பேசுகிறார். அவர் முன் வைக்கப்படும் படிவமோ, சட்டம் பயின்றோருக்கும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டிய ஆங்கிலத்தில் உள்ளது. ஒரு பக்க அளவில், அவர் அறிந்த மொழியில், இரண்டு பாதிகளின் சோதனையையும் அறநிலையங்களுக்குரிய ஐந்து நிபந்தனைகளையும் அச்சிட்டுப் படிவத்துடன் தருவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. மாணவர்கள் தம் பகுதியிலுள்ள சங்கங்களுக்குச் சென்று, சாசனத்தைப் படித்து, இவ்விளக்கத்தை எழுத உதவலாம். வணிகவியலும் சட்டமும் பயில்வோர்க்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

நாடுகள் தம்முள் தகவல் பரிமாறிக்கொள்வது, வரியை ஏய்ப்பவர் மறைந்திருக்க இடமில்லாமற் செய்வதற்காகும், நேர்மையாளரை அலைக்கழிப்பதற்கன்று. அந்த நோக்கம் நிறைவேறுவது தில்லியிலோ பாரிசிலோ எழுதப்படும் உடன்பாட்டினால் மட்டும் அன்று. சுனாபட்டி வங்கிக் கிளையில் ஒரு சங்கச் செயலாளர் தம் சாசனத்தைத் திறந்து, கலைப்பு விதி எந்தப் பக்கத்தில் உள்ளது என்று தேடிப் படித்து, அதன்பின் குறியிடும்போதுதான் அது நிறைவேறுகிறது.